ஆர்த்தி வைத்துப்போன நாலு நாவல்கள்

விஸ்வநத்தம்,
ஆகஸ்ட் 10, ஞாயிறு.

அன்புள்ள மகள் ஜெனிட்டாவுக்கு,

ஆர்த்தியின் அம்மா பொன்னுத்தங்கம் எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? கைப்புண் ஆறிவிட்டதா? கோயம்புத்தூரில் உன் சித்தி ஜெமிமா நர்ஸாக இருப்பதால் கட்டுப் பிரிக்க வெளியே அலைய வேண்டியதில்லை என்று உன் அம்மா ஞானபூரணி சொன்னாள். கேட்டு நிம்மதியாக இருந்தது.

உன் பழைய நம்பருக்கு நாலைந்து தடவை போட்டேன், போகவில்லை. புது நம்பரை யாருக்கும் தர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாயாம். விலாசம் மட்டும் உன் அம்மா தந்தாள். ஒரு வகையில் இதுவும் நல்லதுதான். போனில் என்றால் எனக்குப் பேச்சு வராது. அஞ்சாவது வரை படித்தவள் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் இருக்கிறேன். எப்போதும்போல வீட்டிலிருந்தே வெடிக்குக் குழாய் சுருட்டுகிறேன். சீசன் நேரம், தாள் கொண்டுவந்து குவித்துவிட்டுப் போகிறார்கள். கை ஓடுவதால் நாளும் ஓடுகிறது.

ஆர்த்தி நூலகத்தில் எடுத்த நாலு நாவல்கள் வீட்டில் கிடந்தன. திருப்பிக் கொடுக்கத் தூக்கிக்கொண்டு போனேன். நூலகத்தில் இருக்கும் கற்பகவல்லி எழுந்து வந்து, “எக்கா, இதுக்கு என்ன அவசரம்? எம்புட்டு நாள் வேணும்னாலும் வச்சிருங்க” என்று என் பைக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டாள். இப்போது அவற்றை நான் படிக்கிறேன். சிரிக்காதே. இத்தனை வயசுக்கு நான் எழுத்தைப் பார்த்ததெல்லாம் குழாய் சுருட்டுகிற பழைய தாளில்தான். பாதி வரியைப் படிப்பதற்குள் மீதி வரி சுருளுக்குள் போய்விடும். ஒரு கதையை முதலிலிருந்து கடைசி வரை படிப்பது இதுதான் முதல் தடவை.

எதற்காகப் படிக்கிறேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். கம்பெனிப் போர்மேன் பாலகுரு சர்க்காருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாராம். குழாய்க்குள் வெடிமருந்து செலுத்துகிற அறைக்குள் ஆர்த்தி கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள், கவனம் பிசகி மருந்துத் தட்டைத் தள்ளிவிட்டாள், உராய்ந்து தீப்பிடித்துவிட்டது என்று. அதாவது என் பிள்ளை செத்ததற்கு என் பிள்ளையே காரணம். அப்படிக் கையைப் பிசக வைக்கிற மாதிரி இந்தப் புத்தகங்களில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கத்தான் படிக்கிறேன்.

முதல் நாவல் ஒரு பணக்காரக் குடும்பத்துக் கதை. மூன்று மருமகள்கள், ஒரு மாமியார். பேசுகிறார்கள், பேசுகிறார்கள், அப்படிப் பேசுகிறார்கள். முந்நூறு பக்கத்தில் ஒருத்தி ஒரு பாத்திரம் விளக்கவில்லை. காபி மட்டும் தானாக வந்துகொண்டே இருக்கிறது. நடு மருமகளை எனக்குப் பிடித்தது, வாயைத் திறந்தால் நறுக்கென்று பேசுகிறாள். ஆனால் நான் இதைப் படித்துக்கொண்டே நூறு குழாய் சுருட்டினேன், ஒன்றுகூடக் கோணவில்லை. இந்தப் புத்தகத்துக்குக் கை பிசகாது.

இரண்டாவது நாவலில் ஒரு தாய்க்குப் பிள்ளை செத்துப்போகிறது. நாலு பக்கத்துக்கு அழுகிறாள். அவளோடு சேர்ந்து வானம் அழுகிறது, வாய்க்கால் அழுகிறது, வேப்பமரம்கூட அழுகிறது. எழுதியவர் கெட்டிக்காரர்தான், ஆனால் அவர் வீட்டில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். நடக்காமலே இருக்கட்டும். பெரியாஸ்பத்திரியில் வைத்து என்னிடம் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை ஜெனிட்டா. தாகம்தான் வந்தது. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. யாரோ ஒருத்தியின் பாட்டிலைப் பிடுங்கி ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன். குடித்து முடித்த பிறகு, பிள்ளை இப்படிக் கிடக்கும்போது தண்ணீர் கேட்கிறதே என்று வெட்கமாக இருந்தது. இதை எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள்?

இன்னொன்று. தீப்பிடித்ததற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் ஆர்த்தி என்னிடம் சொன்னாள். “மருந்து ஒரு தட்டு மிச்சம் கெடக்கும்மா. திடலுக்குக் கொண்டுபோயி எரிச்சிரலாம்ணேன்னு சொன்னா, ஆர்டர் நிக்குது, திங்கக்கெழம வந்து அதையே செலுத்துங்கன்னு போர்மேன் சத்தம் போடுறாரு” என்றாள். கலந்த மருந்தை ராத்தங்க வைக்கக் கூடாது என்பது நம் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது? ஈரக்காற்று பட்டால் அது உள்ளுக்குள்ளேயே சூடேறும். ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. திங்கட்கிழமை காலையில் அந்த அறையில் இருந்தது நீங்கள் இரண்டு பேர். இப்போது இருப்பது நீ ஒருத்தி.

செப்டம்பர் மூன்றாம் தேதி, புதன்கிழமை, சூலக்கரை கலெக்டர் ஆபீசில் விசாரணை வைத்திருக்கிறார்கள். நான் சொன்னால் பெற்றவள் அப்படித்தான் சொல்லுவாள் என்பார்கள். நீ வந்து பார்த்ததைச் சொன்னால் போதும். முடியுமா என்று நாலு வரி எழுது. கையில் கட்டு இருந்தால் சித்தியை எழுதச் சொல்.

உன் கை முழுசாக ஆறி, முன்போல வேலை செய்யட்டும்.

இப்படிக்கு,
உன் பெரியம்மா,
பொன்னுத்தங்கம்.


விஸ்வநத்தம்,
ஆகஸ்ட் 21, வியாழன்.

ஜெனிட்டாவுக்கு,

முன்னே எழுதிய கடிதம் கிடைத்திருக்கும். பதில் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது எனக்கு நேற்றுத் தெரிந்துவிட்டது.

நேற்று சூலக்கரைக்குப் போனேன், விசாரணைத் தேதி மாறவில்லையே என்று கேட்க. அங்கே கோப்பு வைத்திருந்தவர், “பெரியம்மா, கூட இருந்த பிள்ளையே எழுதிக் குடுத்துருச்சு. இனி நீங்க வந்து என்னத்தச் சொல்லப் போறீக?” என்றார். காட்டுங்கள் என்றேன். காட்டக் கூடாது என்றார். அங்கேயே நின்றேன். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் காட்டினார். மேலே இருந்தது பாலகுருவின் எழுத்து. கீழே உன் பெயர், கோணல் மாணலாக. வலது கையில் கட்டு இருந்ததால் இடது கையால் போட்டிருப்பாய். மதுரை ஆஸ்பத்திரியில் நீ வலியில் கிடக்கும்போது கொண்டுவந்து நீட்டியிருப்பார்கள், எனக்குத் தெரிகிறது. உன் அம்மாவுக்கு அந்தக் கம்பெனியை விட்டால் வேறு வேலை இல்லை என்பதும் தெரிகிறது. தெரிந்தும், பஸ்ஸில் வரும்போது என் காதெல்லாம் அடைத்துப்போயிருந்தது. விருதுநகர் தாண்டியது, திருத்தங்கல் தாண்டியது, எதுவும் நினைவில்லை.

உன்னைத் திட்டுவதற்காக இதை எழுத உட்கார்ந்தேன். திட்டு வரவில்லை. அதனால் மூன்றாவது நாவலைப் பற்றி எழுதுகிறேன்.

அது கொலைக் கதை. உண்மையைச் சொல்கிறேன், இந்தப் புத்தகம் என்னை ஆட்டி வைத்துவிட்டது. அடுப்பில் பருப்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அந்த இன்ஸ்பெக்டர் பூட்டிய வீட்டுக்குள் நுழைகிறார், நானும் கூடவே நுழைந்துவிட்டேன். பருப்பு கருகி, புகை வந்து, பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டிய பிறகுதான் எழுந்தேன். எழுந்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பருப்புக்காக இல்லை. அப்படியென்றால் பாலகுரு சொன்னது நடக்கக்கூடிய காரியம்தானே? நானே இப்படி மறந்து உட்கார்ந்தால், இருபத்தோரு வயசுப் பிள்ளை மறக்க மாட்டாளா? அன்று முழுவதும் அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை.

மறுநாள் மறுபடி எடுத்தேன். அந்த இன்ஸ்பெக்டரிடம் எனக்குப் பிடித்தது ஒன்று. கூட இருந்த ஆளிடம் மூன்று தடவை கேட்கிறார். முதல் தடவை பயத்தில் ஒன்று சொல்கிறான். இரண்டாம் தடவை மழுப்புகிறான். மூன்றாம் தடவை, வாசலில் கிடந்த ஈரச் செருப்பைக் காட்டிக் கேட்கிறார், அப்போது சொல்லிவிடுகிறான். ஒரு செருப்பு நனைந்திருந்ததை வைத்து அவர் கண்டுபிடிக்கிறார். இங்கே ஊரே நனைந்தது, மழை பெய்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை.

கம்பெனியைப் பூட்டி வைத்த சீல் முத்திரையை எடுத்துவிட்டார்கள். புது அறையும் கட்டிவிட்டார்கள். இப்போது கேட்டில் பெண்களின் பையைச் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். எதற்குத் தெரியுமா? கதைப் புத்தகம் இருக்கிறதா என்று பார்க்க. ஒருத்தி இட்லி மடித்துக் கொண்டுபோன பத்திரிகைத் தாளைக்கூட வாங்கிப் போட்டார்களாம். உன் அம்மாவின் சர்ச் பாட்டுப் புத்தகத்தையும் வாட்ச்மேன் எடுத்து வைத்துக்கொண்டு சாயங்காலம்தான் கொடுத்தானாம். புத்தகத்தைத்தான் தேடுகிறார்கள். மிச்ச மருந்தை யாரும் தேடவில்லை.

குழாயடியில் ஒருத்தி என் காது கேட்கவே, “பொட்டப்பிள்ளைக்கு என்னத்துக்கு நாவலு? படிச்சா இப்படித்தான்” என்றாள். “ஒம் மகன் செல்போனப் பாத்துக்கிட்டே லோடு வண்டி ஓட்டுறானே, மொதல்ல அவன்கிட்டப் போயிச் சொல்லு” என்றேன். குடத்தைப் பாதியிலேயே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குத்தான் ஆறவில்லை. ஊர் முழுக்க இதைத்தான் நம்புகிறது. ஆர்த்தி படிக்காமல் இருந்திருந்தால் இன்று உயிரோடு இருப்பாளாம்.

விசாரணைக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்ததாகவே இருந்தாலும், நேரில் வந்து மாற்றிச் சொல்ல இடம் உண்டாம். கோப்பு வைத்திருப்பவரிடம் கேட்டுவிட்டேன்.

கோபத்தோடு முடிக்க எனக்கு மனமில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு. புண் ஆறும் நேரத்தில் அரிக்கும், சொறியாதே.

பொன்னுத்தங்கம்.


விஸ்வநத்தம்,
ஆகஸ்ட் 30, சனிக்கிழமை சாயங்காலம்.

அன்பு மகள் ஜெனிட்டாவுக்கு,

இந்தக் கடிதத்தை நூலகத்துக் கற்பகவல்லி கையில் கொடுத்து அனுப்புகிறேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் தன் தங்கை வீட்டு விசேஷத்துக்குக் கோயம்புத்தூர் வருகிறாள். விசேஷ வீட்டுக்குப் போகும் முன்னே உன்னைத் தேடி வந்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். தபாலில் போட நேரமில்லை. ஏன் என்று கீழே எழுதுகிறேன், தயவுசெய்து முழுசாகப் படி.

போன கடிதத்தில் உன் கையெழுத்தைப் பற்றி எழுதினேன். என் கதையை எழுதவில்லை. எழுதாமல் உன்னைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

நாலாவது நாவல்தான் ஆர்த்தி அப்போது படித்துக்கொண்டிருந்தது. இன்னும் நாற்பது பக்கம் இருந்தது. அந்தத் திங்கட்கிழமை காலையில் அதைச் சோற்று வாளிப் பைக்குள் துண்டுக்கு அடியில் வைத்திருந்தாள். எனக்கு ஆத்திரம். ஞாயிற்றுக்கிழமை பூராவும் அதையே கட்டிக்கொண்டு கிடந்தாள், துணி ஊறியது ஊறியபடி இருந்தது. அவள் தலை வாரும்போது பையிலிருந்து எடுத்து அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டேன். வேன்காரன் ஹாரன் அடிக்கிறான், இவள் பையைக் கவிழ்த்துத் தேடுகிறாள். “எம்மா, எம் புஸ்தகத்தப் பாத்தியா? சாப்பாட்டு நேரத்துல முடிச்சிருவேம்மா, நாப்பது பக்கந்தான்” என்றாள். “எனக்கென்னடி தெரியும்? நான் என்ன படிச்சவளா?” என்றேன். என் முகத்தைப் பார்க்காமலே வேனில் ஏறிவிட்டாள்.

உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். அம்மா ஒளித்து வைத்துவிட்டாள் என்று உன்னிடம் கட்டாயம் சொல்லியிருப்பாள். அன்றைக்கு அவள் கையில் புத்தகமே இல்லை என்று இந்த உலகத்தில் தெரிந்தவர்கள் நீயும் நானும்தான்.

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பாய். கடைசியாக என் பிள்ளையிடம் பேசிய பேச்சு ஒரு பொய் என்று ஊரைக் கூட்டிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைவிடப் பெரியது இன்னொன்று. இந்தப் புத்தகப் பேச்சைப் பாலகுரு தானாகக் கண்டுபிடிக்கவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஆர்த்தியைக் கிடத்தியிருந்தபோது பெண்களைக் கட்டிக்கொண்டு அழுதேனே, அப்போது, “அடுப்படியிலயும் புஸ்தகம், படுக்கையிலயும் புஸ்தகம், புஸ்தகமும் கையுமாப் போனியே எம் மகளே” என்று ஒப்பாரி வைத்தேன். அவர் மாலையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். மூன்றாம் நாள் வந்து, “நீங்களே அன்னைக்குச் சொன்னீகளேக்கா, புஸ்தகமும் கையுமாப் போனான்னு. நானா சொன்னேன்?” என்றார். ஒப்பாரியில் எவளாவது உள்ளதை உள்ளபடி சொல்லுவாளா? குடிகாரப் புருஷன் செத்தாலும் ராசா என்றுதானே அழுகிறோம்? அதை எழுதி, உன்னிடம் கொண்டுவந்து கையெழுத்து வாங்கி, சர்க்காருக்குக் கொடுத்துவிட்டார்.

அதனால் ஜெனிட்டா, என் முகத்தில் முழிக்க நீ வெட்கப்பட வேண்டாம். முதலில் தப்பாகச் சொன்ன வாய் என்னுடையது.

அந்த நாவலையும் முடித்துவிட்டேன். அந்தக் கடைசி நாற்பது பக்கத்துக்கு மட்டும் ஒன்பது நாள் ஆனது. புருஷனோடு சண்டை போட்டுத் திண்டுக்கல்லில் தனியாகத் தையல் கடை வைத்த ஒருத்தியின் கதை. நன்றாக வாழ்கிறாள், ஊரும் மதிக்கிறது. கடைசியில் அவன் வந்து கடை வாசலில் நிற்கிறான். அவள் மெஷினை நிறுத்துகிறாள். அவ்வளவுதான், கதை முடிந்துவிட்டது. உள்ளே வா என்றாளா, போ என்றாளா, ஒன்றும் இல்லை. எழுதியவருக்கு முடிக்கத் தெரியவில்லையா, இல்லை நம்மைத் தவிக்க விட வேண்டும் என்று செய்தாரா? ஆர்த்தி படித்திருந்தால் கற்பகவல்லியிடம் போய்ச் சண்டை போட்டிருப்பாள். என்னைக் கேட்டால் அவள் போ என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். நீ படித்தாயா?

இனி அவசரமான விஷயத்துக்கு வருகிறேன்.

உன் அம்மா உன்னிடம் சொன்னாளோ சொல்லவில்லையோ, பெட்டி ஒட்டுகிற வேலையிலிருந்து அவளை இந்த வாரம் மருந்து செலுத்துகிற அறைக்கு மாற்றிவிட்டார்கள். உன்னைப் பயப்படுத்த வேண்டாம் என்று சொல்லாமல் இருந்திருப்பாள். சற்று முன்னே வேலை விட்டு வரும்போது என் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்தாள். பேச்சோடு பேச்சாக, “இன்னைக்கும் ரெண்டு தட்டு மிச்சந்தான்க்கா. சாக்குப் போட்டு மூடியாச்சு, திங்கக்கெழம செலுத்திக்கிடலாம்னுட்டாரு” என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், ஞானபூரணி, திங்கட்கிழமை நீ போகாதே, அந்த மருந்துதான் என் பிள்ளையைக் கொன்றது, காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டில் இரு என்று. அவள் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள், பைத்தியத்துக்குத் தடவிக் கொடுப்பதுபோல. “அக்கா, ஒங்க வேதன எனக்குத் தெரியாதா? ஆனா மருந்து ஒண்ணுஞ் செய்யலக்கா. புஸ்தகத்தாலதான் ஆச்சுன்னு எம் மகளே எழுதிக் குடுத்திருக்கா. அந்த அறைக்குள்ள நின்ன பிள்ள. அவ பொய்யா சொல்லுவா? நான் கதப் புஸ்தகத்தத் தொடுறவ இல்ல, எனக்கு என்ன பயம்?” என்றாள். சிரித்துக்கொண்டே எழுந்து போனாள்.

இதை எழுதும்போது மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது. காற்றில் மண்வாசனை அடிக்கிறது. நாளைக்கு மழை இருக்கும்.

உன் கையெழுத்தை நம்பித்தான் ஜெனிட்டா, அவள் அந்த அறைக்குள் பயமில்லாமல் போகிறாள். நான் எத்தனை சொன்னாலும் நான் பிள்ளையைப் பறிகொடுத்தவள், என் பேச்சு எடுபடாது. நீ சொன்னால் கேட்பாள். கற்பகவல்லி இதைத் தந்ததும் போனை எடு. சித்தி பக்கத்தில் இருக்கிறாளா என்று பார்க்காதே, கம்பெனிக்காரன் என்ன நினைப்பான் என்று பார்க்காதே. திங்கட்கிழமை வேன் வருவது காலை ஏழு மணிக்கு. அதற்கு முன்னே உன் தாயிடம் நடந்ததைச் சொல்லிவிடு. எதனால் கையெழுத்துப் போட்டாய் என்று அவள் கேட்க மாட்டாள். அவள் பெற்றவள்.

கற்பகவல்லி செவ்வாய்க்கிழமை ஊர் திரும்புகிறாள். பஸ்ஸில் தன் பக்கத்தில் உனக்கு ஒரு சீட்டுப் போடச் சொல்லியிருக்கிறேன். புதன்கிழமை சூலக்கரையில் நான் பேசப் போகிறேன், அரிசி டிரம்மையும் சொல்லப் போகிறேன், ஒப்பாரியையும் சொல்லப் போகிறேன். நீ வந்து என் பக்கத்தில் நின்றால் பலம். வர முடியாவிட்டால் உன்மேல் எனக்குக் குறை இல்லை, அந்தச் சீட்டு காலியாக வரட்டும். ஆனால் நாளைக்குப் பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

நான் கும்பிடுகிற மாரியாத்தாளையும் நீ ஜெபிக்கிற கர்த்தரையும் சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன். உன் அம்மா உன் பிள்ளைகளைத் தூக்கி வளர்க்கட்டும். தலை நரைத்து, பல் விழுந்து, உன்னோடு சண்டை போட்டுக்கொண்டு, நெடுநாள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆர்த்தியின் அம்மா,
பொன்னுத்தங்கம்.